அப்பாவுக்கு மோர்பின், தம்பிக்குப் பழைய பழக்கம்: ஒரே வீட்டில் இரண்டையும் எப்படிப் பார்ப்பது?

வாசகர் கேள்வி

வணக்கம் மிஸ். நாங்கள் வலிகாமம் பக்கம். அப்பாவுக்கு 71 வயது. புரொஸ்டேட் புற்றுநோய், இப்போது முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவிவிட்டது. தெல்லிப்பழையில் காட்டுகிறோம். இரண்டு கிழமைக்கு முந்திய கிளினிக்கில் டொக்டர் மோர்பின் 10 மில்லிகிராம் குளிசை எழுதி, 4 மணித்தியாலத்துக்கு ஒன்று கொடுக்கச் சொன்னார். நான் இரவில் அவர் நோ தாங்காமல் முனகும்போது மட்டும் ஒன்று கொடுக்கிறேன். மோர்பின் தொடங்கினால் ஆள் கனநாள் இல்லை என்று சொந்தக்காரர் சொல்கிறார்கள். உடம்புக்குப் பழகிவிடும் என்றும் பயம். அதைவிடப் பெரிய பயம் என் தம்பி. 23 வயது. போதைக் குளிசையோடு பிடிபட்டு, புனர்வாழ்வு முடித்து வந்து சில மாதம்தான். மிச்சக் குளிசையை அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு டைக்ளோபினாக் போதாதா? ஊரில் பொடியன்கள் இப்படி அழிந்துகொண்டிருக்கும்போது இந்த மாதிரி மருந்துகளை முழுதாகத் தடைசெய்தால் என்ன?

பதில்

அன்புள்ள தங்கச்சி,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு கிழமைக்கு, ஒரு நாளைக்கு 6 வீதம், 84 குளிசை தந்திருப்பார்கள். நீங்கள் இரவில் ஒன்றுதான் கொடுத்தீர்கள் என்றால் ஏறக்குறைய 70 குளிசை அந்த அரிசி வாளிக்குள் கிடக்கிறது. டொக்டர் சொன்னபடி கொடுத்திருந்தால் வீட்டில் மிஞ்ச ஒன்றும் இராது. தம்பியின் கையில் அகப்படக்கூடாது என்ற பயத்தில் அப்பாவுக்குக் குறைத்தீர்கள். குறைத்ததால்தான் அவரின் கையில் அகப்படக்கூடிய அளவுக்குக் குளிசை சேர்ந்திருக்கிறது. உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. நான் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்கிறவள். உங்களைப்போல் குறைத்துக் கொடுக்கிற பிள்ளைகளையும் மனைவிமாரையும் கவுண்டரில் தொடர்ந்து காண்கிறேன்.

ஒரு அம்மா வந்தார். கணவருக்குப் புற்றுநோய். மருந்து வாங்க வந்த இடத்தில் லேஞ்சி முடிச்சை அவிழ்த்து, சேர்த்து வைத்திருந்த மோர்பின் குளிசைகளைக் காட்டினார். "இப்பவே குடுத்து முடிச்சா, கடைசியில நோ கூடேக்க குடுக்க ஒண்டும் இராதெல்லோ மிஸ்" என்றார். வீட்டில் அந்த மனிதர் கனநாளாகக் கட்டிலில் படுக்கவில்லை. பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி, மேசைமேல் தலையணை வைத்து, அதில் நெற்றியை முட்டுக்கொடுத்துத்தான் நித்திரை கொள்வார். நிமிர்ந்து படுத்தால் முதுகு பிளக்கும். மருந்து லேஞ்சிக்குள் இருந்தது. அவர் கதிரையில் இருந்தார்.

அந்த அம்மாவுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். மோர்பினைச் சேமித்து வைக்கத் தேவையில்லை. பனடோலுக்கு ஓர் உச்ச அளவு உண்டு: 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளைக்கு 8 க்கு மேல் போகக்கூடாது, போனால் ஈரல் கெடும். மோர்பினுக்கு அப்படி எல்லாருக்கும் பொதுவான ஓர் எல்லை இல்லை. நோ கூடினால் டொக்டர் படிப்படியாக அளவைக் கூட்டுவார். இப்போது கொடுத்தால் பிறகு வேலை செய்யாது என்பது பிழையான எண்ணம்.

இப்போது கவனமாக வாசியுங்கள். என் பதிலைப் பார்த்துவிட்டு நாளைக் காலையே ஆறு வேளையும் கொடுக்கத் தொடங்கிவிடாதீர்கள். இரண்டு கிழமையாக ஒரு வேளைதான் போயிருக்கிறது, வயதும் 71. கிளினிக்குக்குப் போன் எடுத்தோ நேரில் போயோ, இதுவரை எத்தனை கொடுத்தீர்கள் என்று உள்ளபடி சொல்லுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, சொல்லாமல் விட்டால்தான் ஆபத்து. அடுத்த கிளினிக்கில் அப்பா "இன்னும் நோகுது" என்பார். ஆறு வேளையும் கொடுத்தும் கேட்கவில்லை என்று நினைத்து டொக்டர் அளவைக் கூட்டிவிடுவார். கூட்டிய அளவை நீங்கள் ஒருநாள் ஒழுங்காகக் கொடுத்தால் அது அப்பாவின் உடம்புக்குத் தாங்காது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அண்மையில் இரத்தம் சோதித்தார்களா என்றும் கேளுங்கள். மோர்பினின் கழிவு சிறுநீரகத்தால்தான் வெளியேறுகிறது; அது பலவீனமாக இருந்தால் மருந்து உடம்பில் தேங்கும், அளவையோ இடைவெளியையோ மாற்ற வேண்டிவரும்.

ஏன் 4 மணித்தியாலம்? சாதாரண மோர்பின் குளிசை விழுங்கி அரை மணித்தியாலமளவில் வேலை செய்யத் தொடங்கும், ஏறக்குறைய 4 மணித்தியாலத்தில் அதன் பலன் இறங்கிவிடும். நோ திரும்பி வரும்வரை பார்த்திருந்து கொடுத்தால், ஒவ்வொரு முறையும் அப்பா நோவின் உச்சிக்கு ஏறி இறங்குகிறார். நேரத்துக்குக் கொடுத்தால் நோ தலையெடுக்காமலே இருக்கும். காலை 6, 10, பின்னேரம் 2, 6, இரவு 10 என்று வைத்து, நடுச்சாம வேளைக்குப் பதிலாகப் படுக்கும்போது கூட்டிக் கொடுக்கும் முறையும் உண்டு. உங்கள் அப்பாவுக்கு அது சரிவருமா என்று டொக்டர் சொல்லட்டும். நேரம் வருமுன்னே திடீரென்று நோ கூடினால் கொடுப்பதற்கு ஒரு மேலதிக வேளையும் எழுதித் தருவார்கள். வழக்கமாக அது முழுநாள் அளவில் ஆறில் ஒரு பங்கு. பிறகு, அளவு நிலைத்தபின், 12 மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடுக்கும் மெதுவாகக் கரையும் குளிசைக்கு மாற்றலாம். அந்த வகைக் குளிசையை மட்டும் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. பொடித்தால் 12 மணித்தியாலத்து மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும்.

முதல் இரண்டு மூன்று நாள் அப்பா தூங்கி வழியலாம். பயப்படாதீர்கள். நோவால் நித்திரையில்லாமல் கிடந்த உடம்புக்கு அந்த நித்திரை தேவைப்பட்டதாகவும் இருக்கலாம். சத்தி வரலாம், சில நாளில் குறையும். குறையாத ஒன்று மலச்சிக்கல். மோர்பின் போகிற காலம் முழுக்க அது இருக்கும், உடம்பு அதற்குப் பழகாது. மலமிளக்கி மருந்து சேர்த்து எழுதித் தந்திருக்கிறார்களா என்று டொக்டர் தந்த மருந்துத் துண்டைப் பாருங்கள். இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். நாலு நாள் வெளிக்குப் போகாமல் வயிறு ஊதி, "இந்தச் சனியன் குளிசை வேண்டாம்" என்று விட்டவர்கள் இருக்கிறார்கள்.

"மோர்பின் தொடங்கினால் ஆள் கனநாள் இல்லை." இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பது விளங்குகிறது. எங்கள் ஊரில் அதைக் கடைசி நாட்களில்தான் கொடுத்தார்கள். கொடுத்து இரண்டு நாளில் ஆள் போய்விட்டால் சனம் மருந்தைத்தான் சொல்லும். ஆனால் நோவுக்கு ஏற்றபடி அளந்து, படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கும் மோர்பின் புற்றுநோயாளியின் ஆயுளைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. நோ அடங்கினால் மனிதர் சாப்பிடுவார், நித்திரை கொள்வார், பிள்ளைகளோடு கதைப்பார். உலக சுகாதார நிறுவனம் 1977 இல் வெளியிட்ட முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே மோர்பின் இருந்தது. மரணப் படுக்கைக்கு மட்டும் என்று யாரும் அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை.

பழகிவிடுமா? இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சில கிழமை தொடர்ந்து எடுத்தால் அப்பாவின் உடம்பு அந்த மருந்துக்கு இசைந்துவிடும்; திடீரென்று நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றுளைவு வரும். அதனால் ஒருபோதும் ஒரேயடியாக நிறுத்தக்கூடாது, டொக்டர் சொல்லித்தான் இறக்க வேண்டும். கதிர்ச் சிகிச்சையால் நோ குறைந்து மோர்பினை இறக்கி விட்டவர்களும் உண்டு. உங்கள் தம்பிக்கு வந்தது வேறு. கெடுதல் என்று தெரிந்தும் மனம் அதையே தேடும். அதற்காகப் பொய், களவு, படிப்பும் வேலையும் போகும். புற்றுநோய் நோவுக்கு ஒழுங்காக மோர்பின் எடுப்பவர்களில் இந்த இரண்டாவது நிலைக்குப் போகிறவர்கள் குறைவு. ஒருவரும் போகமாட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். முன்பு போதைப் பழக்கம் இருந்தவர்களுக்கு அபாயம் கூட. அப்பாவுக்குக் குடிப் பழக்கம் இருந்திருந்தால் அதையும் டொக்டரிடம் மறைக்காதீர்கள். மருந்தை மறுக்க மாட்டார்கள், கவனமாகப் பார்ப்பார்கள்.

டைக்ளோபினாக் எலும்பு நோவுக்கு ஓரளவு உதவும் மருந்துதான், பொய் சொல்லவில்லை. ஆனால் 71 வயதில், நாள்தோறும், கடையில் வாங்கிக் கொடுப்பது இரைப்பையில் புண்ணையும் இரத்தக் கசிவையும் சிறுநீரகக் கேட்டையும் கொண்டுவரலாம். துண்டு இல்லாமல் வாங்கலாம் என்பதால் ஒரு மருந்து பத்திரமானது என்று ஆகாது. சனம் மோர்பினுக்குப் பயந்து, இதை மாதக்கணக்காக விழுங்கி, இரத்தச் சத்தியோடு வாட்டுக்கு வருகிறது.

சரி, தம்பி.

அவருடைய கையில் பிடிபட்டது என்ன என்று எழுதவில்லை. இந்தப் பக்கம் பொலிஸ் பிடிக்கும் "போதைக் குளிசை" என்று செய்தியில் அடிக்கடி வருவது பிரிகபலின். அது மோர்பின் வகையே இல்லை. நரம்பு நோவுக்கும் வலிப்புக்கும் கொடுப்பது. ட்ரமடோலும் அகப்படுகிறது, அது மோர்பினின் தூரத்துச் சொந்தம். அளவு மீறினால் வலிப்பையே கொண்டுவரும். எதுவாக இருந்தாலும், தம்பியைப் பற்றி ஒரு விஷயத்தை வீட்டில் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டும். புனர்வாழ்வில் மாதக்கணக்காக ஒன்றும் எடுக்காமல் இருந்த உடம்பு, முந்தித் தாங்கிய அளவை இப்போது தாங்காது. வெளியே வந்தபிறகு, பழைய ஞாபகத்தில் பழைய அளவை எடுத்துத்தான் பலர் மூச்சடங்கிப் போகிறார்கள். மோர்பினோடு பிரிகபலினோ, டயசிபாம் போன்ற நித்திரைக் குளிசையோ, சாராயமோ சேர்ந்தால் அந்த ஆபத்து பல மடங்கு. அரிசி வாளிக்குள் இருக்கும் 70 குளிசையைப் பற்றி நான் முதலில் எழுதியது அதனால்தான்.

ஆஸ்பத்திரியில் நாங்கள் மோர்பினை எப்படி வைக்கிறோம் என்று சொல்கிறேன். அலுமாரிக்குள் ஒரு சின்ன அலுமாரி, இரண்டுக்கும் வேறு வேறு பூட்டு. திறப்பு கண்ட இடத்தில் தொங்காது; வேலை மாறும்போது ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் போகும். பக்கத்தில் ஒரு கொப்பி. யாருக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை, மிச்சம் எத்தனை, கொடுத்தவரின் கையெழுத்து, பார்த்தவரின் கையெழுத்து. ஓர் ஊசிமருந்துக் குப்பி தவறி விழுந்து உடைந்தால் உடைந்தது என்று எழுதி அதற்கும் இரண்டு கையெழுத்து. மிச்சம் ஒன்று பிழைத்தாலும் அன்றைக்கு வீட்டுக்குப் போகுமுன் கண்டுபிடிக்க வேண்டும். இவ்வளவு பூட்டும் கணக்கும் அலுமாரிக்குத்தான். வாட்டில் நோவோடு கிடக்கிற மனிதருக்கு, இவ்வளவு கட்டுப்பாடான மருந்து என்பதற்காக ஒரு வேளையும் குறைப்பதில்லை.

வீட்டிலும் இதையே சின்ன அளவில் செய்யுங்கள். பூட்டக்கூடிய ஒரு தகரப் பெட்டி, திறப்பு உங்கள் தாலிக்கொடியிலோ இடுப்பிலோ. அரிசி வாளி, சாமி அறை, அலுமாரியில் சேலைக்கு அடியில், இவை எல்லாம் தேடுகிறவருக்கு முதலில் தெரிகிற இடங்கள். ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் திகதி, நேரம், கொடுத்த அளவு, மிச்ச எண்ணிக்கை எழுதுங்கள். இன்னொரு பத்தியில் அப்பாவிடம் கேட்டு நோவுக்குப் புள்ளி போடுங்கள்: நோ இல்லை என்றால் 0, தாங்கவே ஏலாது என்றால் 10. குளிசை குறைந்தால் அந்தக் கொப்பி காட்டிக்கொடுக்கும், கிளினிக்கில் டொக்டர் அளவைத் தீர்மானிக்கவும் அதுவே உதவும். ஒரே தரத்தில் இரண்டு கிழமைக்கு வாங்காமல் கிழமைக்கு ஒருமுறை வாங்க முடியுமா என்று வீட்டு நிலைமையைச் சொல்லிக் கேளுங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அது கொஞ்சம் கூடுதல் வேலை, உங்களுக்குக் கூடுதல் அலைச்சல். ஆனாலும் உங்கள் வீட்டுக்கு அது நல்லது. குளிசையை அப்பா விழுங்கும்வரை பக்கத்தில் நில்லுங்கள். எந்தக் காலத்திலும் மருந்து மிஞ்சினால், குப்பையிலும் கிணற்றடியிலும் போடாமல், தந்த மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுங்கள்.

தம்பியிடம் ஒளிக்காதீர்கள் என்பது என் கருத்து. வீட்டில் மோர்பின் இருப்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அக்கா தன்னைக் கண்டு அரிசி வாளியை இழுத்து மூடுவதும் தெரிந்திருக்கும். அது ஒரு பொடியனை எவ்வளவு சுடும் என்று யோசியுங்கள். அப்பா இல்லாத நேரத்தில் நேராகச் சொல்லுங்கள்: "அப்பான்ர மருந்து பூட்டி இருக்கு. எண்ணித்தான் வைச்சிருக்கிறன். உன்னை வெறுத்து இல்லை, நீ திரும்பவும் அந்தப் பக்கம் போயிடக்கூடாதெண்டுதான்." மருந்து கொடுக்கும் பொறுப்பை அவரிடம் விடாதீர்கள், அவர் தானாகக் கேட்டாலும் இப்போதைக்கு வேண்டாம். அப்பாவைத் திருப்பிப் படுக்க வைப்பது, குளிக்க வார்ப்பது, கால் பிடித்துவிடுவது, இவற்றை விடுங்கள். பழக்கம் திரும்புகிற அறிகுறி தெரிந்தால் அடிக்கவும் ஏசவும் போகாமல், யாழ். போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலோ உளநல மருத்துவப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம். போதைப் பழக்கம் ஒரு நோய், திரும்பத் திரும்பத் தலைதூக்கும் நோய். ஒருமுறை புனர்வாழ்வுக்குப் போய் வந்துவிட்டார், இனிச் சரி என்று நாங்கள் கைவிட்டுவிடுகிறோம், அதுதான் பிழைக்கிறது.

யாரானாலும், அப்பாவோ தம்பியோ, தட்டி எழுப்பியும் எழும்பாத நித்திரை, நிமிடத்துக்கு 8 க்கும் குறைவான மூச்சு, ஊசிமுனையளவு சுருங்கிய கண்மணி, நீலம் பாரித்த உதடு, இவற்றைக் கண்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். மோர்பினின் வேலையை முறிக்கும் நலொக்சோன் என்ற மருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. பொலிஸ் வருமோ என்று யோசித்து நேரத்தைப் போக்காதீர்கள்.

தடைசெய்தால் என்ன என்ற உங்கள் கேள்வியை நான் கோபத்தோடு வாசிக்கவில்லை. மகனைத் தொலைத்த தாய்மாரை இந்த மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் பக்கத்து நாடு ஏறக்குறைய அதைத்தான் செய்து பார்த்தது. இந்தியாவில் 1985 இல் போதைப்பொருள் சட்டம் வந்தது. ஒரு சின்னக் கணக்குப் பிழைக்கும் கடும் தண்டனை, ஒரு போத்தல் மோர்பின் வாங்கப் பல அனுமதிப் பத்திரம். மருந்தகங்கள் பயந்து வைப்பதையே விட்டன. 1985 இல் 573 கிலோவாக இருந்த மருத்துவ மோர்பின் பாவனை 1997 இல் 18 கிலோவுக்கு விழுந்தது. மோர்பின் எடுக்கும் அபினை உலகத்துக்கே பயிரிட்டு ஏற்றுமதி செய்யும் நாட்டில், சொந்தப் புற்றுநோயாளிக்கு அப்போது மோர்பின் இருக்கவில்லை. தெருவில் பிரவுன் சுகர் என்ற ஹெரோயின் இல்லாமல் போனதா என்றால் அதுவும் இல்லை. எங்கள் நாட்டிலும் 1984 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு 2 கிராம் ஹெரோயினுக்கே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை வரை போகலாம். ஹெரோயின் வருவது நின்றதா? கடல்வழியாக வருகிறவனுக்கு உங்கள் அப்பாவின் துண்டு தேவையில்லை.

மறுபக்கம் அமெரிக்கா. 1980 இல் ஒரு மருத்துவ இதழில் ஐந்தே வசனத்தில் ஒரு சிறு கடிதம் வந்தது: ஆஸ்பத்திரியில் தங்கி இவ்வகை மருந்து பெற்ற 11,882 பேரில் 4 பேருக்குத்தான் அடிமையான சான்று இருந்ததாம். கண்காணிப்போடு சில நாள் கொடுத்ததைப் பற்றிய குறிப்பு அது. அதையே பிடித்துக்கொண்டு, எந்த நோவுக்கும் எவ்வளவு காலமும் கொடுக்கலாம் என்று பேச்சுப் பரவியது. 1996 இல் சந்தைக்கு வந்த ஒக்ஸிகொன்டின் என்ற மோர்பின் வகைக் குளிசையை, அடிமையாகும் அபாயம் குறைவு என்று சொல்லி அந்த நிறுவனம் டொக்டர்மாரிடம் விற்றது. 2007 இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. முதுகு உளைவுக்கும் பல் பிடுங்கியதற்கும் போத்தல் போத்தலாக எழுதினார்கள். பின்னால் ஹெரோயினும், பென்டனில் என்ற இன்னும் கடுமையான மருந்தும் அந்த வழியால் நுழைந்தன. 2021 இல் மட்டும் இவ்வகைப் பொருட்களின் அளவு மீறி இறந்தவர்கள் ஏறக்குறைய 80,000 பேர். ஆகவே உங்கள் பயம் வெறும் பயமில்லை.

இடையில் ஒரு வழி இருக்கிறது, தூரத்திலும் இல்லை. கேரளம் என்றால் எங்கள் பக்கத்துச் செய்தியில் கஞ்சாப் பொதியோடுதான் பெயர் வரும். ஆனால் அங்கே கோழிக்கோட்டில் 1993 இல் டொக்டர் எம். ஆர். ராஜகோபாலும் தோழர்களும் நோவு தணிப்புச் சிகிச்சைக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். வீட்டுக்கே மோர்பின் குளிசை கொடுத்தார்கள். தொண்டர்கள் வீடுவீடாகப் போய்ப் பார்த்தார்கள், கணக்கு வைத்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளை இரண்டு வருடம் பார்த்ததில் ஒரு குளிசையும் தெருவுக்குப் போனதாகத் தெரியவில்லை என்று 2001 இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பெருந்தொகையான பணத்தாலோ பொலிஸாலோ அது நடக்கவில்லை. யாரிடம் எத்தனை இருக்கிறது என்று தெரிந்த ஒருவர் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்வந்தார்.

இங்கே எங்களுக்குக் குறைவது அதுதான். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எழும்பியதே சனம் நடந்து சேர்த்த காசில். 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்தார்கள். அதற்கு முந்தி கொழும்புப் பக்கம் மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் நெடுந்தீவில் ஒரு நோயாளிக்குக் குளிசை முடிந்தால், வீட்டுக்காரர் படகேறிக் குறிகட்டுவான் வந்து, பிறகு பஸ் பிடிக்க வேண்டும். காற்று எழுந்து படகு ஓடாத நாளில் அந்த மனிதர் நோவோடுதான் கிடப்பார். அவருக்குக் கிட்டவாக, பிரதேச வைத்தியசாலையில், பூட்டும் கொப்பியுமாக மோர்பின் இருக்க வேண்டும் என்று நான் கேட்கிறேன். அதே வாயால், துண்டு இல்லாமல் பிரிகபலினும் ட்ரமடோலும் விற்கிற பாமசியை மூட வேண்டும் என்றும் கேட்கிறேன். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான கோரிக்கை இல்லை. 1961 இல் நாடுகள் சேர்ந்து எழுதிய போதைப்பொருள் உடன்படிக்கையின் முகவுரையிலேயே, நோவைத் தணிக்க இந்த மருந்துகள் தவிர்க்க முடியாதவை, அவை கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று இருக்கிறது. தடுப்பதை மட்டும் எல்லாரும் வாசித்தார்கள். 2017 இல் லான்செட் ஆணைக்குழு கணக்குப் பார்த்தபோது, உலகில் ஒரு வருடம் பகிரப்படும் 298.5 தொன் மோர்பின் வகை மருந்தில் மிக வறிய நாடுகளுக்குப் போனது 0.1 தொன்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையில் மருந்துகள் இந்தப் பக்கம் வர அனுமதிக்குக் காத்திருந்த சனம் நாங்கள். நோவைப் பல்லைக் கடித்துத் தாங்குவது பெருமை என்று அந்தக் காலம் எங்களைப் பழக்கிவிட்டது. உங்கள் அப்பாவும் "எனக்கு ஒண்டுமில்லைப் பிள்ளை" என்றுதான் சொல்வார். முகத்தைப் பார்க்காமல், படுக்கை விரிப்பை மாற்றும்போது அவர் கை எதை இறுக்கிப் பிடிக்கிறது என்று பாருங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது கேட்க இன்னும் இரண்டு விஷயம். எலும்பு நோவுக்கு, நோ இருக்கும் இடத்துக்கு மட்டும் கதிர்ச் சிகிச்சை கொடுக்கலாமா? ஒரேயொரு தரம் கொடுத்தாலே பலருக்கு நோ நன்றாகக் குறையும், மோர்பினும் குறைவாகத் தேவைப்படும். எலும்பைப் பலப்படுத்தும் ஊசி அவருக்குப் பொருந்துமா? அடுத்தது நீங்கள் வீட்டில் கவனிக்க வேண்டியது. புற்று முதுகெலும்பில் இருப்பதால், திடீரென்று கால் பலம் குறைந்தால், மரத்தால், சிறுநீர் அடைத்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே கொண்டுபோங்கள். முள்ளந்தண்டு நரம்பு நசிந்தால் மணித்தியாலங்கள்தான் கையில் இருக்கும்.

கிளினிக் கொப்பி, துண்டு, எண்ணிய மிச்சக் குளிசை, நோவு எழுதிய கொப்பி, எல்லாம் ஒரு பையில். வழியில் யாரும் மறித்துக் கேட்டால் துண்டையும் கிளினிக் கொப்பியையும் காட்டுங்கள். டொக்டர் எழுதித் தந்த மருந்தை நோயாளிக்காகக் கொண்டுபோவது குற்றமில்லை. அப்பாவைத் தூக்கி ஓட்டோவில் ஏற்ற இறக்க உங்களால் தனியே முடியாது. தம்பியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.